விசில் வராத கேக்

பொம்மசந்திராவில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். சின்னவள் ஏறும்போதே கொதித்துக்கொண்டிருந்தாள்.

“விசில் வரட்டும்னு எங்க வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தாராம்க்கா! கேக்குக்கு எங்கயாவது விசில் வருமா?”

“கேக்கை குக்கர்லயா வெச்சே?”

“ஓவனுக்கு எங்க போறது? பாப்பா பொறந்தநாளாச்சேன்னு புஸ்தகத்துல பார்த்துப் பண்ணேன். குக்கர்ல தண்ணிக்குப் பதிலா மணலைக் கொட்டி, மேல கேக் பாத்திரத்தை வெச்சேன். வெயிட் போடாதீங்க, அரை மணியில அணைச்சிடுங்கன்னு இவர்கிட்ட சொல்லிட்டு பலூன் வாங்கப் போனேன். மனுஷன் வெயிட்டைத் தேடி எடுத்துப் போட்டிருக்காரு.”

“அய்யோ!”

“வந்து பார்த்தா வீடெல்லாம் புகை. மூணு விசில் விடணுமே, இன்னும் ஒண்ணுகூட வரலைங்கிறாரு.”

‘முந்தே ஹோக்ரி’ என்று கன்னடத்தில் முன்னால் போகச் சொல்லி கண்டக்டர் நின்றவர்களை நெட்டினார். அவள் குரல் அதற்கு மேல் ஏறியது.

“அவசரமா கேசரி கிண்டி, தட்டுல கொட்டி, மெழுகுவத்தி நட்டு வெட்டினோம். பாப்பா சந்தோஷமா தின்னுச்சு.”

“அப்ப விடேன்.”

“எப்படிக்கா விடறது? ரெண்டாவது தடவை தட்டை நீட்டிக்கிட்டே சொல்றாரு, ‘இவ்வளவு ஈஸியா இருக்கே, முதல்லயே இதைப் பண்ணித் தொலைச்சிருக்கலாமே’ன்னு!”