பதினோராவது செடி

ஓடுகிறேன். மே மாதம். காலை ஏழு மணி. முள்ளிவாய்க்கால் மணல். தலைக்கு மேலே நீளமாக ஒரு கூவல். பிறகு சத்தமே இல்லை. அந்த இடைவெளிதான் பயம்.

"படுங்கோ! பிள்ளையளைப் பங்கருக்குள்ள இறக்குங்கோ!"

கத்துவது நான்தான். பாலர் பள்ளி ஆசிரியை. என்னோடு பத்துப் பிள்ளைகள். யாரென்று தெரியாத ஒரு பெண் இரண்டு வயதுப் பையனை என் கையில் திணிக்கிறாள். இன்னொரு பிள்ளையைத் தூக்கத் திரும்பி ஓடுகிறாள். வரவில்லை.

அந்த இடத்துக்குப் பாதுகாப்பு வலயம் என்று அரசாங்க வானொலியில் பெயர் சூட்டியிருந்தார்கள். வெட்கங்கெட்ட வாய்கள். சுடுவதற்கு வசதியாக எங்களை ஒரே இடத்தில் சேர்த்தார்கள், அவ்வளவுதான். கால் மணி நேரம் கழித்துப் பங்கர் என்ற அந்தப் பதுங்குகுழி மேலேயே எறிகணை விழுந்தது. மண்ணுக்குள்ளிருந்து உயிரோடு எடுத்தது என்னை மட்டும்.

இப்போது கடல் தாண்டி மீனாட்சிபுரம். கணவரின் ஊர். இரண்டு மாடு வைத்திருக்கிறேன், சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். அந்தப் பிள்ளைகளுக்காகப் பூச்செடி வைக்க ஊரில் ஓர் ஓரம் கேட்டேன். உடனே ஒரு கமிட்டி முளைத்தது. அதன் தலைவருக்குச் சால்வை என்றால் உயிர். திறப்பு விழா, ரிப்பன், மைக், பெயர்ப் பலகை என்று அடுக்கினார். ரோஜா வாங்கி நட்டார். விழாவுக்கு முன்பே மாடு மேய்ந்துவிட்டது. வீடு தவறாமல் மாடு நிற்கிற ஊரில் வேலி போடாமல் ரோஜா வைத்த மேதாவி.

நான் நித்தியகல்யாணி நட்டேன். மாடு வாய் வைக்காது. தலைவர் வந்து முகம் சுளித்தார்.

"ஏனுங் டீச்சரம்மா, இது சுடுகாட்டுப் பூவுங்க. விழாவுக்கு ஆகாதுங்க."

சுடுகாடா? அந்தக் கொடுப்பினைகூட என் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தோம்.

பிறகு குழிகளை எண்ணினார்.

"பலகைல பத்துப் பேருதானுங்க இருக்குது. பேரே தெரியாத பிள்ளைக்கு எதுக்குங்க பதினொன்னாவது? அதை மூடிருங்க."

பேசத் தகுந்த ஆள் இல்லை. மண்வெட்டியை அவர் செருப்பை ஒட்டிப் போட்டேன். விலகிப் போனார். பதினோராவது செடியை வைத்து மண் அணைத்தேன்.

இது என் கணக்கு. என் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேர். மூத்தவள் நிலாவுக்கு ஐந்து வயது. திரும்பி வராத அந்தத் தாய். எறிகணையில் செவிடான என் இடது காது. அந்தப் பையன்.

பங்கருக்குள் கால் மணி நேரம் அவன் என் மடியில் இருந்தான். பேசக்கூடிய வயதுதான். நான் அவன் பெயரைக் கேட்கவில்லை.