பச்சை அட்டை

உங்கள் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. தவறாக நினைக்காதீர்கள், குறை கண்டுபிடிக்கத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. அணுமின் நிலையம் கட்டும்போது கோளாறு இருந்தால் பார்த்து, அதை ஊரறியச் சொல்ல வேண்டும். பார்ப்பது சுலபம். சொல்வதில்தான் பக்குவம் வேண்டும்.

நான் யாரையும் லேசில் நம்பமாட்டேன். ஒப்பந்தக்காரர் சிரித்தால் எதையோ மறைக்கிறார் என்று நினைப்பேன். சிரிக்காவிட்டால் அதைவிடப் பெரிதாக மறைக்கிறார். நான் நம்பிய ஒரே ஆள் என் மச்சினன், மனைவியின் தம்பி. என் கீழேயே பரிசோதகனாக இருந்தான்.

அணு உலையைச் சுற்றியுள்ள சுவரைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்போம். கான்கிரீட் கெட்டியாக இருந்தால் கணீரென்று கேட்கும், உள்ளே வெற்றிடம் இருந்தால் தொம்மென்று கேட்கும். தெற்குச் சுவரைத் தட்டிவிட்டு, ஊர்மக்கள் கூட்டத்தில் ஒரு குறையும் இல்லை என்று அறிவித்தேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், "நீங்க சொன்னா சரிங்க" என்றாள். அந்த நம்பிக்கை சும்மா கிடைப்பதா, சொல்லுங்கள்.

பிறகு ஒருநாள் மச்சினன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"அத்தான், தெற்குச் சுவர் மேல்பக்கம் உள்ள பொந்தா இருக்கு. ஒரு ஆளே நிக்கலாம்."

"நான்தான் தட்டிப் பாத்தேனே."

"கைக்கு எட்டுற வரைக்கும் பாத்தீங்க. மேல ஏறலையே."

உண்மைதான். உயரம் என்றால் எனக்குத் தலை சுற்றும்.

"நாளைக்கு உலையில ஏதாவது ஆச்சுன்னா அந்தச் சுவருதான் ஊரைக் காப்பாத்தணும். வெள்ளிக்கிழமை கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்லவேண்டியதாயிடும். அதுக்கு முன்னாடி இன்னொரு தடவை ஏறிப் பாத்துடறேன்."

யாரோ இவனைத் தூண்டிவிடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. நான் உள்ளே நுழைந்தால் போனை வைத்துவிடுவான். அக்காவிடம்தான் பேசிக்கொண்டிருந்தானாம், என் மனம் நோகாமல் இதை எப்படி முடிப்பது என்று. அது பிறகுதான் தெரிந்தது.

சுவரில் ஏறக் கட்டியிருக்கும் சாரத்தின் அடியில் ஓர் அட்டை தொங்கும். பச்சை என்றால் ஏறலாம். சிவப்பு என்றால் சாரத்தைப் பிரிக்கிறார்கள், ஏறக்கூடாது. எங்கள் ஆட்கள் மனிதர்களை நம்பமாட்டார்கள், அட்டையை நம்புவார்கள். மச்சினன் வீட்டில் பல்பு மாற்றும் ஏணியைக்கூட ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவான். பச்சை அட்டையைக் கண்டால் ஆட்டிப் பார்க்கமாட்டான்.

வியாழக்கிழமை அந்தச் சாரத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். மேலே பலகைகளின் கட்டு அவிழ்ந்து கிடந்தது. ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் அட்டையை மாற்றினேன், அவ்வளவுதான். தள்ளவில்லை, தொடக்கூட இல்லை. ஏறும்போது "பாத்துப்பா" என்றேன்.

"பச்சைதானே, அத்தான்" என்று சிரித்தான்.

அப்புறம் சிவப்பை மறுபடி மாட்டினேன். அவன் விழுந்து செத்தது அவனுடைய கவனக்குறைவு என்று முடிவுகட்டினார்கள். அதில் எனக்கு வருத்தம்தான், கவனமான பையன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவனுக்காக எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் தலைகுனிந்து நின்றேன். நடிப்பில்லை. பிறகு, சுவரில் ஒரு குறையும் இல்லை என்று மறுபடி சொன்னேன். ஒருவனுக்காக ஓர் ஊரையே பீதியில் தள்ளுவது நியாயமா? அவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்றால் அது என்னால்தான்.

மனைவிதான் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்திருப்பாள். "அவன் சிவப்பு அட்டையைப் பாத்தும் ஏறுற ஆளாங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அன்றிலிருந்து தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பாள். சாப்பாடு இறங்காது.

ஆமாம், கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சுவரில் குறை என்று மட்டும் எழுதாதீர்கள். நான் சொன்னது சொன்னதுதான், அறிவித்தபடி அடுத்த வாரம் உலையைத் தாராளமாக ஓட்டலாம்.

ஒரே ஓர் உதவி, ஐயா. அதற்குள் என் பிள்ளைகளை வெளியூரில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். அங்கே பள்ளிக்கூடம் நன்றாக இருக்கும்.