கட்டைவிரலுக்கு ஏது குரல்?

இந்த மாலைப் பொழுதுக்கு மகுடமாய் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, நமது தெருவின் குடியிருப்போர் சங்கத்தைத் தோளில் சுமந்து, இடையிடையே இறக்கியும் வைத்துவிடும் செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் முழங்கி, முழங்கி, முடிவில் மூச்சிரைக்க அமர்ந்த வங்கி மேலாளர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியிலும் பொறுமையை முகத்திலும் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் அமர்ந்த கையோடு கைபேசிக்குள் குடிபுகுந்துவிட்ட தம்பி தங்கைகளே, மேசை ஓரத்தில் மணியோடு அமர்ந்து பேச்சாளர்களின் தலையெழுத்தை எழுதிக்கொண்டிருக்கும் நேரக் காப்பாளரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

யார் இவள் என்று அங்கே ஓர் அம்மா பக்கத்தில் கேட்பது என் காதில் விழுகிறது. தெருக்கோடியில் பள்ளிச் சீருடை தைத்துத் தருகிற வீட்டின் மூத்த மருமகள் நான். உங்கள் பிள்ளைகளின் இடுப்பளவெல்லாம் எனக்குத் தெரியும். உங்களில் சிலருடைய இடுப்பளவும் தெரியும். சபை நாகரிகம் கருதிச் சொல்லாமல் விடுகிறேன்.

தொலைபேசி நிறுவனத்திலிருந்து நமக்கு ஒரு கேள்வி வந்திருக்கிறது. வீட்டுத் தொலைபேசி இனி வேண்டுமா, வேண்டாமா? பெரும்பாலோர் வேண்டாம் என்றால் தெருவிலிருந்தே கம்பியை உருவிக்கொண்டு போய்விடுவார்களாம். அதற்குத்தான் இந்த மேடை, இந்த மாலை, இந்த மைக். மேலாளர் ஐயா என்ன சொன்னார்? கேட்டீர்கள் அல்லவா? காலம் கடந்த கருவி என்றார். கண்காட்சியில் வைக்க வேண்டிய காயலான் சரக்கு என்றார். கைபேசி இருக்கக் கம்பியைக் கட்டி அழுகிறவர்கள் கற்காலத்துக்காரர்கள் என்றார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், ஐயா. கொசு இருந்தது.

கற்காலத்துக்காரியின் வீட்டுக்கு அண்மையில் ஒரு நவீன மனிதர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். கைபேசியைக் காணவில்லை, உங்கள் லேண்ட்லைனிலிருந்து ஓர் அழைப்புக் கொடுங்கள் என்றார். எண்ணைச் சொல்லுங்கள் என்றேன். தன் எண்ணே அவருக்குத் தெரியவில்லை! சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் அச்சாகியிருந்த எண்ணைப் பார்த்துவரத் தெருமுனை வரை ஓடினார். அந்த எண்ணுக்கு அழைத்தேன். அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக்குள், பாலுக்கும் முட்டைக்கும் நடுவில் இருந்து கைபேசி கதறியது. அந்த நவீன மனிதர் யார் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு முன்னால் பேசியவர் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் சிரிக்கிறவர்களைக் கேட்கிறேன்: உங்கள் மனைவியின் எண் மனப்பாடமாகத் தெரியுமா? உங்கள் மகளின் எண்? உங்கள் உயிர் நண்பனின் எண்? எல்லாம் அந்தப் பெட்டிக்குள். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டால் நீங்கள் யாருமற்றவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் கதைக்கு இது வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டிலும் இதே கேள்விக்காக ஒரு மாநாடு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை நண்பகல். கூடம். ஒரு பக்கம் என் கணவர். வாகனப் பட்டறை வைத்திருக்கிறார், எந்த இயந்திரம் எங்கே இருமினாலும் காதாலேயே கண்டுபிடிப்பார். இன்னொரு பக்கம் என் கொழுந்தன். கணினி நிறுவனத்தில் வேலை, பக்கத்து அறையில் இருக்கும் என்னிடம் தண்ணீர் கேட்கவும் செய்தி அனுப்புவார். நடுநாயகமாக என் மாமியார். மூவரும் இதோ மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார்கள். நான் பேசப்போவது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் என் கணவர் தரையில் எதையோ தேடுகிறார்.

"அண்ணி, அது சும்மா தூசி பிடிச்சு உட்கார்ந்திருக்கு. யாரு பேசுறா அதுல?" என்றார் கொழுந்தன்.

மாமியார் தன் கைபேசியைத் தூக்கிக் காட்டினார். "என் பொண்ணு விடிஞ்சா எனக்குப் பூ அனுப்புறா. ரோஜா, தாமரை, நேத்திக்குச் சூரியகாந்தி. அந்த டப்பாவுல பூ வருமா?"

யார் பேசுகிறார்கள் அதில்? எனக்குத் தெரியும். வாய் திறக்க முடியாத இடத்தில் இருந்தேன்.

பேசியது என் நாத்தனார். ஆமாம் தாய்மார்களே, நாத்தனார்தான். அண்ணியும் நாத்தனாரும் என்றால் கீரியும் பாம்பும் என்று நினைக்கிறவர்கள் சற்றே ஏமாறுங்கள். ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. தினமும் சாப்பாட்டு இடைவேளையில் அந்த மேசைத் தொலைபேசியிலிருந்து எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பாள். தையல் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே அது இருப்பதால் நான்தான் எடுப்பேன். "அண்ணி, என்ன சமையல்?" என்பாள். சொல்வேன். பிறகு பேசமாட்டாள். உள்ளே யாருடைய பல்லையோ ராவுகிற சத்தம் கேட்கும். அவள் மூச்சு கேட்கும். வைக்கவும் மாட்டாள்.

ஒருநாள் கேட்டே விட்டேன், உன் போனில் கூப்பிட்டால் நிதானமாகப் பேசலாமே என்று.

"என் போன் அவர்கிட்ட இருக்கு அண்ணி," என்றாள்.

"எப்ப குடுப்பாராம்?"

"குடுக்க மாட்டார்."

கல்யாணமான சில மாதங்களிலேயே வாங்கி வைத்துக்கொண்டானாம் அவள் கணவன், எங்கள் வீட்டின் அருமை மாப்பிள்ளை. யாரோடு பேசுகிறாய், எதற்குப் பேசுகிறாய், அண்ணி எதற்கு அழுகிற பொம்மை அனுப்பினாள் என்று ஆரம்பித்து, கடைசியில் கைபேசியையே கைது செய்துவிட்டான். அதோடு நிறுத்தினானா? அவள் பெயரில் அவனே பதில் போட்டான். "சாப்பிட்டாச்சு" என்று போட்டான். "நல்லா இருக்கேன்" என்று போட்டான். என் மாமியார் விடிந்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்ட ரோஜாவும் தாமரையும் அவன் போட்டவை. பெண்ணின் வாயைப் பூட்டி வைத்துவிட்டு, பெற்றவளுக்குப் பூ அனுப்பியிருக்கிறான்.

அவள் என்னிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கினாள். "அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. அண்ணன் உடனே எங்க வீட்டுக்காரர்கிட்டயே போன் போட்டு, என்ன மாப்பிள்ளை சங்கதின்னு கேட்பார். எப்ப வெளிய வரணும்னு நானே சொல்றேன். எனக்கு மனசுல நிக்கிறது இந்த ஒரு நம்பர்தான் அண்ணி. அதுவரைக்கும் இந்த போன் இருக்கட்டும்." பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மனப்பாடம் செய்த எண் அது. அழைத்தது யார் என்று எங்கள் பழைய கருவி எங்கேயும் குறித்து வைக்காது. காட்டிக்கொடுக்கத் தெரியாத ஒரே பொருள் எங்கள் வீட்டில் அதுதான்.

இப்போது சொல்லுங்கள், மாநாட்டில் நான் என்ன பேசுவேன்? உண்மையைச் சொன்னால் சத்தியம் போகும்; சொல்லாவிட்டால் போன் போகும், அவளும் போவாள். இடி இடித்தால் கைபேசி வேலை செய்யாது என்றேன். எரிவாயு உருளைக்கு அந்த எண்தான் கொடுத்திருக்கிறோம் என்றேன். அந்த நிறம் கூடத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். சிரித்தார்கள். என் கொழுந்தன் தரையில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு, ஜனநாயகம் பாருங்கள், குடும்பக் குழுவில் கேட்டுவிடலாம் என்று கைபேசியில் தட்டினார்: லேண்ட்லைனை எடுத்துடலாமா?

தட்டிய வேகத்தில் பதில் வந்தது. நாத்தனார் பெயரில் ஒரு கட்டைவிரல். மஞ்சள் கட்டைவிரல். நிமிர்ந்து நிற்கும் கட்டைவிரல்.

"பாத்தீங்களா அண்ணி? அவளே எடுக்கச் சொல்லிட்டா," என்றார் கொழுந்தன்.

எனக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. அது யாருடைய விரல் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கு இருந்த ஒற்றைக் கம்பியை அறுக்க, அவள் பெயராலேயே அவன் சம்மதம் தருகிறான். கூடப் பிறந்தவர்கள் அதைப் பார்த்துக் குதூகலிக்கிறார்கள். இவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் அவன் மேல் வந்ததைவிட அதிகம். நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "விரல் காட்டினவ வாயாலயும் சொல்லட்டும். இப்பவே கூப்பிடுங்க."

கொழுந்தன் அழைத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். எடுத்தது மாப்பிள்ளை. தேன் குரல். "இப்பதான் மெசேஜ் போட்டுட்டுப் படுத்தா, மச்சான். தலைவலியாம். எழுப்பட்டுமா?" வேறென்ன சொல்வான்? ஒரு நிமிடத்துக்கு முன் விரல் காட்டியவள் பக்கத்தில் இல்லை என்று எப்படிச் சொல்வான்? வேண்டாம், பாவம், தூங்கட்டும் என்று மாமியார் கையை ஆட்டினார்.

அப்போது அடித்தது, அன்பர்களே, அந்தக் காலம் கடந்த கருவி. அந்தக் காயலான் சரக்கு. அந்தக் கற்காலம். கணீர் என்று அடித்தது. கிளினிக்குக்கு ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. சாப்பாட்டு இடைவேளையும் உண்டு.

வழக்கமாக நான்தான் எடுப்பேன். அன்று என் கையைக் கட்டிக்கொண்டேன். "நீங்க எடுங்க," என்றேன் கணவரிடம். எடுத்தார். கூடம் அமைதியாக இருந்ததால் அவள் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணி, என்ன சமையல்?"

இயந்திரத்தின் இருமலைக் காதாலேயே கண்டுபிடிக்கிற மனிதர் நின்றது நின்றபடி நின்றார். "எங்கேருந்தும்மா பேசுற?" என்றார். கிளினிக்கிலிருந்து என்றாள். இந்தப் பக்கம் ஸ்பீக்கரில் தேன் இன்னும் வழிந்துகொண்டிருந்தது: "மச்சான், லைன்ல இருக்கீங்களா? அசந்து தூங்குறா, பாவம்."

மாமியார் கையிலிருந்த கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். கொழுந்தன் அழைப்பைத் துண்டித்தார். அந்தத் தேன் குரல் ரிசீவர் வழியாக அவள் காதுக்கும் போயிருக்கும். பிறகு அவள் கேட்டாள்: "நான் வீட்டுக்கு வந்துடட்டுமா, அண்ணா?"

"நீ அங்கேயே இரும்மா. நான் வர்றேன்," என்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். நான் என் சத்தியத்தை மீறவில்லை என்பதைச் சபை குறித்துக்கொள்ளட்டும். அவள் ரகசியத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மணிதான் பேசியது. அன்று மாலை என் மாமியார் கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பூவாக அழித்தார். அழுதுகொண்டே அழித்தார்.

இப்போது கேட்கிறேன். மேலாளர் ஐயாவைக் கேட்கிறேன், மேதாவிகளைக் கேட்கிறேன், மூன்றாவது வரிசையையும் சேர்த்தே கேட்கிறேன். கட்டைவிரலுக்கு ஏது குரல்? பூப்படத்துக்கு ஏது மூச்சு? நலமா என்று கேட்டு, நலம் என்று எழுத்தில் வந்தால், எழுதியது யார் என்று ஒருநாளாவது கேட்டீர்களா? மாதக்கணக்கில் மகள் குரலைக் கேட்காமல், மலரைப் பார்த்து மகிழ்ந்த வீடு எங்கள் வீடு. உங்கள் வீடு எப்படி? கைபேசியை வெறுக்கச் சொல்லவில்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது, குளிர்பதனப் பெட்டியில் வைப்பதில்லை. கேட்கச் சோம்பல்படுகிற காதுகளைத்தான் நான் வெறுக்கிறேன். அந்தச் சோம்பலுக்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்து, மைக் பிடித்து, கைதட்டல் வாங்குகிறவர்களை வெறுக்கிறேன்.

மணி அடித்துவிட்டது. பொறு அம்மா, முடித்துவிடுகிறேன். சபையோரே, அந்த நேரக் காப்பாளர்தான் என் நாத்தனார். இதைச் சொல்லட்டுமா என்று காலையில் அவளிடம் கேட்டேன். "சொல்லுங்க அண்ணி. ஆனா நேரம் தாண்டினா அடிப்பேன்," என்றாள். சொன்னபடி அடிக்கிறாள். எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இப்போதும் மதியம் கிளினிக்கிலிருந்து அழைத்து, என்ன சமையல் என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இப்போது பசி மட்டும்தான் இருக்கிறது.

வேண்டும் என்போர் வேண்டும் என்று சொல்லுங்கள், வேண்டாம் என்போர் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரே வேண்டுகோள்: இன்றைக்கு யாரும் கட்டைவிரலைத் தூக்க வேண்டாம், வாயைத் திறந்து சொல்லுங்கள். பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும், கொஞ்சம் சிவந்துபோன மேலாளர் ஐயாவுக்கும் என் நன்றி.

இரண்டாம் மணியும் அடிக்கிறது. எங்கள் வீட்டில் மணி அடித்தால் எடுப்போம். நீங்களும் எடுங்கள். வணக்கம்.