படியேறினால் பிரசங்கம்

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவரின் மடியில் வேதாகமப் பை. திருப்புலிவனம் தாண்டியதும் அவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஹெட்போனைக் கழற்றினேன்.

“கீய நின்னு பேசினா சாட்சி. பீடத்துப் படியேறிப் பேசினா பிரசங்கம். பொம்பளைக்குச் சாட்சி போதும்னு அப்போஸ்தலர் பவுலே சொல்லிக்கீறாரு.”

“பவுல் உங்கிட்டயா சொன்னாரு?” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“சிரிக்காதடி. பன்னெண்டு வருசமா மாதர் சங்கத் தலைவி நானு. கீய நின்னுதான பேசிக்கினுகீறேன்? இந்த வருசம் சபையில பெண்கள் ஞாயிறுக்கு ஸ்டெல்லாவ மேல ஏத்துறாராம் பாஸ்டர்.”

“அது நல்லாத்தான பேசுது.”

“பேசும், பேசும். சண்டே ஸ்கூல்ல எங்கிட்ட வசனம் ஒப்பிச்சவ. ஒரு வசனமாச்சும் முழுசா சொல்லிக்கீறாளா?”

“சரிக்கா, பாஸ்டர் உன்னக் கூப்ட்டிருந்தா? பவுலுக்காகக் கீயவே நின்னிருப்பியா?”

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

“வெள்ளப் பொடவ ஒண்ணு எடுத்து வெச்சுக்கீறேன்” என்றார், வெளியே பார்த்துக்கொண்டே. “வருசா வருசம் பெண்கள் ஞாயிறு வந்தா இஸ்திரி போடுறேன். இன்னும் ஒரு தபாகூட கட்டல.”

பக்கத்திலிருந்தவர் அதன் பிறகு சிரிக்கவில்லை.

“அந்தப் பொடவய ஸ்டெல்லாவுக்குக் குடுக்கச் சொல்லிடாத” என்றார் ஜன்னலோரத்தவர்.