நன்றியுரை

நன்றியுரையை யாரும் கேட்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை, ஷரஃபுதீன் சார். பரிசு கொடுத்து முடிந்தவுடன் பிள்ளைகள் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். பின்வரிசையில் நாற்காலி மடக்கும் சத்தம் கேட்கிறது. டீ வந்துவிட்டதா என்று பெரியவர்கள் கழுத்தைத் திருப்புகிறார்கள். அந்த நேரத்தில் ஒருவர் மைக் முன்னால் நின்று, பந்தல் போட்டவருக்கும் ஒலிபெருக்கி வைத்தவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருப்பார். கைவிளக்கு தொடங்கிய ஆண்டிலிருந்து அந்த ஒருவர் நான்தான்.

காபியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். போனில் பதிவு ஓடுகிறதா? நல்லது. நீங்களும் நம் நிர்வாகக் குழுவில் இருப்பவர், ஆனாலும் வக்கீலாகக் கேட்கும்போது உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்றீர்கள். எனக்கும் அதுதான் சௌகரியம். முதலிலிருந்து சொன்னால்தான் வரிசையாக வரும்.

கைவிளக்கு என்பது மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். அடையாற்றங்கரையில் இருந்த சுங்குவார் தோட்டத்துக் குடும்பங்களுக்காக அதை நடத்தினோம். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம், பெரிய பையன்களுக்குக் கேரமும் கால்பந்தும், வீட்டில் அடி வாங்கும் பெண்கள் வந்து உட்கார்ந்து அழுவதற்கு ஓர் அறை. குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது. ராமானுஜம் மாமா தலைவர், நான் துணைத் தலைவர். வங்கி வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு வந்தவள் நான். என் மாலைப்பொழுதுகள் எல்லாம் அந்த வீட்டில்தான் கழிந்தன.

நன்றியுரைக்கு நான் தாள் வைத்துக்கொண்டதே இல்லை. குளத்துப் படிகளில் இறங்குவதுபோல ஒவ்வொரு பெயராக இறங்கிப் போவேன். கடைசிப் படியில் தண்ணீர் காலில் படும். அப்போது, "அனைவருக்கும் நன்றி, வணக்கம்" என்பேன். ஒரு பெயர்கூட விட்டுப்போனதில்லை. எனக்கிருந்த கர்வம் அது ஒன்றுதான்.

கயல் வந்தது அவள் மகன் அறிவை மாலை வகுப்பில் சேர்க்க. நொச்சிக்குப்பத்தில் பிறந்து தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள், கணவனை இழந்தவள், வீட்டில் பிளவுஸ் தைப்பவள். மகனை விட்டுவிட்டுப் போகாமல் வாசலிலேயே நிற்பாள். ஒருநாள் உள்ளே வந்து பெருக்கினாள். பிறகு பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்தாள். சில ஆண்டுகளில் குழு உறுப்பினர் ஆனாள். அவள் பெயரை முன்மொழிந்தது நான். கூட்டக் குறிப்பில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னை எல்லோரும் மேடம் என்றார்கள். அவளை அக்கா என்றார்கள். அவளைவிட மூத்த பெண்களும் கயலக்கா என்றார்கள். ஒருமுறை தபஸ்ஸும் என்ற சின்னப் பெண்ணுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே, "என்னையும் அக்கான்னு கூப்பிடும்மா" என்றேன். "சரிங்க மேடம்" என்றாள். நான் சிரித்தேன். நல்ல குழந்தை.

முத்தம்மாவின் கணவர் சுப்புராயன் உங்களுக்கு நினைவிருக்கும். குடித்துவிட்டு அவளை அடிப்பவர். நான் மழைக்காலம் முழுவதும் அவரை உட்காரவைத்து, "நீங்க கொஞ்சம் யோசிங்க" என்று பேசினேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போய் அடிப்பார். ஒரு மாலை கயல் டீ டம்ளரோடு அந்த அறைக்குள் வந்தாள்.

"இன்னா நைனா, கை ரொம்ப நீளுதாமே? வெட்டி மீன் கொழம்புல போட்டுட்டேன்னு வெய்யி, நாளைக்கி எத வெச்சு கிளாஸ் புடிப்ப?"

அவர் சிரித்தார். சிரித்தபடியே அழுதார். அதற்குப் பிறகு முத்தம்மா அந்த அறைக்கு அழ வரவில்லை. கயல் என் பக்கம் திரும்பி, "மேடம், நீங்க எழுந்துருங்க, ஃபேனுகூட ஓடல. நான் பாத்துக்கினு இருக்கேன்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அவள் என்னிடம் அன்பில்லாமல் பேசிய ஒருநாள்கூட இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்த ஆண்டு விழாவில்தான் முதல்முறையாக நன்றியுரையின் நடுவில் கைதட்டல் எழுந்தது. கயலின் பெயரைச் சொன்னேன், அவ்வளவுதான். செருப்புத் தேடிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பையன்கள் விசிலடித்தார்கள். மடக்கிய நாற்காலியையே தட்டினார்கள். அது அடங்கும்வரை நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த பெயர் என்னவென்று ஒரு கணம் எனக்கு மறந்துவிட்டது. அதுவரை எனக்கு எந்தப் பெயரும் மறந்ததில்லை.

கோடையில் ராமானுஜம் மாமா என்னைத் தன் மந்தைவெளி வீட்டுக்குக் கூப்பிட்டார். உடம்பு முடியாமல் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"ஹம்சா, நீ தப்பா எடுத்துக்கப்படாது. எனக்கப்பறம் கயல் உக்காரட்டும்னு நெனைக்கறேன். அவா எடம், அவாளே பாத்துக்கட்டுமே."

"ரொம்பச் சரி மாமா" என்றேன்.

"நீ பக்கத்துல இருந்துண்டு பாத்துக்கோ."

"அதுக்கென்ன மாமா."

ஜானு மாமி அடை வார்த்துப் போட்டாள். வெல்லம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு லஸ் வரை நடந்தே வந்தேன். எல்லாக் கடைகளிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் யாரோ என்னைத் தண்ணீருக்கு அடியில் வைத்து, மேலே ஊர் நடப்பதைக் காட்டுவதுபோல இருந்தது. அன்று நான் எதையும் தீர்மானிக்கவில்லை. தீர்மானம் என்று ஒன்று எனக்குள் நடந்ததாகவே தெரியவில்லை.

நம் விதிகளில் ஒன்று உங்களுக்குத் தெரியும். கைவிளக்கு இயங்கும் பகுதியில் குடியிருப்பவர்தான் நிர்வாகக் குழுவில் இருக்கலாம். காரில் வந்து இறங்குகிறவர்கள் தோட்டத்து ஜனங்களை ஆளக்கூடாது என்று மாமா ஆசையோடு எழுதிய விதி. நல்ல விதி. நான் அதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

ஆற்றோரத்தைக் காலி செய்யும் பேச்சு பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. தெற்கே, இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் மாடிக் குடியிருப்புகள் தயாராக இருந்தன. தோட்டத்தில் ஒருவரும் போகத் தயாரில்லை. பெண்களுக்கு மயிலாப்பூர் வீடுகளில் வேலை, ஆண்களுக்குச் சிந்தாதிரிப்பேட்டைப் பட்டறைகள், பிள்ளைகளுக்குப் பள்ளி. அதைப் பார்க்கும் அதிகாரியைச் சிறப்பு விருந்தினராக அழைக்கப் போனபோது பேச்சுவாக்கில் கேட்டேன்.

"ஜனங்க சம்மதிக்காம ஒரு செங்கல்லைக்கூட எடுக்க முடியாது மேடம். கோர்ட்டு விடாது" என்றார்.

"சம்மதம்னா எப்படி இருக்கணும் சார்?"

"பொது இடத்துல, எல்லாரும் இருக்கும்போது, ஆமான்னு ஒத்துக்கிட்டா போதும். வீடியோ இருந்தா இன்னும் நல்லது."

ரசத்துக்குப் பக்குவம் கேட்பதுபோலத்தான் கேட்டேன். அவரும் அப்படித்தான் சொன்னார். அவர்மேல் தப்பில்லை.

அவர் விழாவுக்கு வருகிறார் என்றதும் கயலுக்கு ஒரே சந்தோஷம். "நல்லதாப் போச்சு மேடம். அவரு கையால நம்ம பசங்க பரிசு வாங்கட்டும். அப்பால எந்த மூஞ்ச வெச்சிக்கினு நம்ம வூட்ட இடிப்பாரு?" என்றாள். அவருக்குப் போர்த்த நானே தி. நகர் போய்ப் பொன்னாடை வாங்கி வந்தேன்.

விழா நன்றாக நடந்தது. கடைசியில், "கயல், டீயைக் கொஞ்சம் பாத்துடறயா, ஆறிப்போயிடும்" என்றேன். மற்றவர்கள் ஆறிய டீ குடிப்பதை அவள் பொறுக்கமாட்டாள். பின்பக்கம் ஓடினாள். நான் மைக் முன்னால் போனேன். அதிகாரியின் உதவியாளர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

பந்தலுக்கு நன்றி சொன்னேன். ஒலிபெருக்கிக்கு நன்றி சொன்னேன். பிறகு அதே குரலில், "ஆற்றோரத்தை விட்டுப் புதிய வீடுகளுக்குச் செல்ல மனமுவந்து சம்மதம் தெரிவித்துள்ள சுங்குவார் தோட்டத்துக் குடும்பங்கள் அனைவருக்கும், அவர்களைப் பேசி இணங்கவைத்த நம் கயலுக்கும்" என்றேன்.

அந்தப் பெயர் எதைக் கொண்டுவரும் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக என் காதில் இருந்த சத்தம் அது. விசில், நாற்காலித் தட்டல், அக்கா அக்கா என்ற கூச்சல். தங்கள் வீடுகளை எழுதிக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். அறிவு மேசைமேல் ஏறி நின்று தட்டினான். நீங்களும் தட்டினீர்கள், சார். மூன்றாவது வரிசை. ஒரு கையில் போன் இருந்ததால் தொடையில் தட்டினீர்கள்.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நன்றியுரையை யாரும் கேட்பதில்லை.

அரைப் பரீட்சைக்கு முன்னால் லாரிகள் வந்தன. அதைத் தடுக்க நீங்கள் போட்ட வழக்கும் நிற்கவில்லை. நீதிமன்றத்தில் அந்த வீடியோ ஓடியது. அடுத்த குழுக் கூட்டத்தில் விதிப்படி கயலின் பெயர் நீக்கப்பட்டது. என்னைத் தலைவராக முன்மொழிந்தார்கள். வழிமொழிந்தது நீங்கள். மாமா வரவில்லை.

கயல் ஒரு மாலை இரண்டு பஸ் மாறி என்னைப் பார்க்க வந்தாள். வீடியோ அவர்கள் போன்களிலும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னா மேடம் இது? நான் எப்போ யார இணங்க வெச்சேன்?"

"கடைசி நிமிஷம் ஒரு சீட்டு குடுத்தாங்க கயல். யார் பேராவது விட்டுப்போயிடப் போறதேன்னு அப்படியே படிச்சேன். எனக்கே புரியலை."

மேடையில் கடைசி நிமிடச் சீட்டு வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவள் நம்பினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இன்னா பண்ணுவீங்க, குடுத்தத படிச்சீங்க. அத்த நெனச்சு மனச ஒடச்சிக்காதீங்க" என்றாள். என்னைத் தேற்றிவிட்டுப் போனாள். நீங்கள் அந்த வீடியோவைச் சத்தமில்லாமல் பார்த்ததாகச் சொன்னீர்கள். அதனால்தான் கண்டுபிடித்தீர்கள். என் இரண்டு கைகளிலும் ஒன்றுமில்லை. பொய் சொல்வதற்காகவாவது ஒரு தாளைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். கர்வம் விடவில்லை.

தோட்டத்து ஜனங்கள் அவளை நம்பவில்லை. வேலை போனவர்கள், பள்ளி விட்ட பிள்ளைகளின் தாய்மார்கள், எல்லோருக்கும் கோபத்தை வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. தண்ணீர்க் குழாயடியில் முத்தம்மாவே, "நம்ம வூட்ட வித்துட்டு அக்காவாம் அக்கா" என்றாளாம். அதன் பிறகு அங்கே யாரும் கயலை அக்கா என்று கூப்பிடவில்லை. இதை எனக்குச் சொன்னவர் வருத்தத்தோடுதான் சொன்னார். நானும் வருத்தப்பட்டேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அறிவு அதைப் பொறுக்கவில்லை. அம்மாவைப் பற்றிப் பேசியவர்களோடு மாடிப்படியில் கைகலப்பு. அந்தப் படிக்கட்டில் இன்னும் கைப்பிடிச் சுவர் கட்டவில்லை. விழுந்தவன் பிழைக்கவில்லை. யார் தள்ளியது என்று போலீஸ் கேட்கிறது. யாரும் தள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். எழுத்துக் கூட்டிப் படிக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

துக்கத்துக்கு நான் போயிருந்தேன். அந்தத் தளத்தில் எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. முத்தம்மாவின் கதவும். உள்ளே டிவி ஓடும் சத்தம் கேட்டது. கயல் தரையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் தோளில் முகத்தை வைத்தாள்.

"நீ ஒருத்திதான் வந்த" என்றாள். "அக்கா, நீ ஒருத்திதான் வந்த."

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். ஜன்னலில் வெயில் இருந்தது. இத்தனை ஆண்டுகளில் எனக்கு வாய்த்த நல்ல நாள் அது என்று சொன்னால், நீங்கள் என்னைத் தவறாக நினைப்பீர்கள். வாரம் ஒருமுறை போய்வருகிறேன். இருவருக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுபோகிறேன். அவளுக்கு இப்போது என்னைவிட்டால் யாருமில்லை. அவளை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதானே மாமாவும் சொன்னார்.

அந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்து, அந்தப் பெயருக்கு முன்னால் அதை வைத்தேன். இவ்வளவும் பதிவாகியிருக்கும்.

இங்கிருந்து நேராக அவளிடம்தான் போகிறீர்கள். தடுக்கமாட்டேன், அது உங்கள் கடமை. கேட்டதும் என்னைத் திட்டுவாள். அது நியாயம். திட்டும்போது அக்கா என்கிறாளா, மேடம் என்கிறாளா என்று மட்டும் கவனித்துவந்து எனக்குச் சொல்லுங்கள்.