மெலிஸ் படித்த புத்தகம்

எங்கள் மலை வழக்கப்படி தேநீரில் உப்புப் போட்டுக் கொடுத்தீர்களே தம்பி, நன்றாக இருக்கிறது. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வருகிற அதிகாரிகள் சர்க்கரையைத்தான் கொட்டுவார்கள்.

மெலிஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நானும் என் கணவர் ஷார்ஷெனும் மலைமேல் வானிலை நிலையத்தில் வேலை பார்த்தோம். பனியை அளப்போம், காற்றை அளப்போம், வயர்லெஸ்ஸில் கீழே நாரின் நகரத்துக்குச் சொல்வோம். ஒரு பிப்ரவரியில் பனி அளக்கப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. பிறகு நிலையத்தையே மூடிவிட்டார்கள். ஓய்வு பெற்றபின் உட்கார்ந்து அதையெல்லாம் எழுதினேன்.

மெலிஸ் பிஷ்கெக்கில் பதிப்பகம் வைத்திருந்தார். என் காகிதக் கட்டைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல் ஆட்டினார்.

"அக்கா, இது புத்தகம் இல்ல, பொக்கிஷம்."

அச்சுச் செலவு மட்டும் என்னுடையது என்றார். இருந்த இரண்டு குதிரைகளையும் விற்றேன்.

நாரின் நூலகத்தில் வெளியீட்டு விழா வைத்தோம். தன் அண்ணன் இறந்த அத்தியாயத்தைத் தான்தான் வாசிப்பேன் என்று என் நாத்தனார் குல்சுன் எழுந்தாள். பக்கங்களைப் புரட்டினாள். மறுபடியும் புரட்டினாள்.

"அண்ணி, இதுல அண்ணன் எங்க?"

முதல் அத்தியாயம் முடிந்ததும் திரும்பவும் முதல் அத்தியாயம். அதற்குப் பிறகும் அதே. எல்லாப் பிரதிகளும் அப்படித்தான். பின்வரிசையில் யாரோ, "ஷார்ஷென் பனில மட்டுமா காணாமப் போனான், அச்சுலயும் போயிட்டானே" என்றார். சிரித்தார்கள். குல்சுன் புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனாள். இன்றுவரை என் வீட்டுக்கு வந்ததில்லை.

மெலிஸிடம் போனேன். அவர் ஒளியவில்லை.

"நம்ம ஊர்ல எவன் அக்கா முதல் அத்தியாயத்தைத் தாண்டுறான்? அட்டையைப் பாப்பான், போட்டோ புடிப்பான், அலமாரில சொருகுவான். உங்க நாத்தனார் மாதிரி ஒரு ஆள் இருப்பாங்கன்னு நான் கனவா கண்டேன்?"

"நீங்களாவது படிச்சீங்களா?"

"நானா? படிக்கிற புத்தி இருந்தா இந்தத் தொழிலுக்கு ஏன் வரேன்?"

உண்மையைச் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. இவரைப் படிக்க வைக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

அக்டோபர் கடைசியில் அவருக்குத் தொலைபேசி செய்தேன். சுரங்க முதலாளி ஒருவர் எங்கள் மலையைப் பற்றிப் படப்புத்தகம் போட ஆசைப்படுகிறார், இடத்தைப் பார்க்க வாருங்கள் என்றேன். உடனே வந்தார். என் பழைய ஜீப்பில் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அடுப்பு மூட்டி ஆட்டு சூப் கொடுத்தேன். இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தார். என் கையெழுத்துப் பிரதியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்து, இரும்புக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன்.

"படிங்க மெலிஸ். ஷார்ஷென் எப்படிச் செத்தாருன்னு நாளைக்கு வந்து கேப்பேன். சொன்னா கூட்டிட்டுப் போறேன்."

முதலில் கத்தினார், கதவை உதைத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கதவருகே வந்தார்.

"அக்கா, எப்படிச் செத்தாருன்னு நீங்களே சொல்லிடுங்களேன். நாளைக்கு அதையே நான் திருப்பிச் சொல்லிடறேன்."

நான் கீழே இறங்கிவிட்டேன். அன்று சாயங்காலமே பனி தொடங்கியது, பாதை மூடிக்கொண்டது. பனிக்கு யார் பொறுப்பு? புயலுக்கு முன் இறங்குவதுபோல் காலையிலிருந்தே காற்றழுத்தம் இறங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன் என்பது வேறு விஷயம். வாழ்நாள் பழக்கம், கண் தானாகப் போகும்.

யாரும் தேடவில்லை. அவரிடம் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். கசகஸ்தானுக்கு ஓடிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் மனைவி மட்டும் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டாள். "இங்க வரலியேம்மா" என்றேன். நல்ல பெண். அழுதாள்.

வசந்தத்தில் பனி உருகிப் பாதை திறந்ததும் முதல் ஆளாக நான்தான் போனேன். அடுப்போரமாகச் சுருண்டு கிடந்தார். விறகு தீர்ந்ததும் நாற்காலியை எரித்திருக்கிறார், மேசையை, அலமாரியை, தன் பூட்ஸைக்கூட எரித்திருக்கிறார். என் காகிதங்களை மட்டும் எரிக்கவில்லை. வரிசை கலையாமல் அடுக்கி, காற்றில் பறக்காமலிருக்க மேலே சூப் கிண்ணத்தை வைத்திருந்தார். அதைப் பார்த்து அழுதேன். போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டு உங்களுக்குத் தகவல் சொன்னேன்.

கூரைப் பலகையில் ரத்தமும் நகக் கீறலுமாக இருக்கிறதே, ஏன் என்று கேட்டீர்கள். அது ஒன்பதாம் அத்தியாயம். அடுப்புக்கு மேலே கூரையில் ஒரு சிறு கதவு உண்டு. உள்ளிருந்து பார்த்தால் வெறும் பலகையாகத்தான் தெரியும். பனி வாசலை அடைத்துவிடும் வருடங்களில் நானும் ஷார்ஷெனும் அதன் வழியாகத்தான் வெளியேறுவோம். கட்டியிருக்கும் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே கிராமம்வரை இறங்கிவிடலாம். எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருக்கிறேன். படிக்காத ஒருவருக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாது. ஆகவே அவர் படித்திருக்கிறார் தம்பி. ஊன்றிப் படித்திருக்கிறார். எனக்கு வேறு யாரும் அப்படி வாய்க்கவில்லை.

அந்தக் கதவை வெளியிலிருந்து ஆணி அடித்து மூடியது நான்தான். அவரை அழைத்துப் போவதற்கு முந்தின நாள் ஏணி வைத்து ஏறி அடித்தேன். அவர் அவ்வளவு தூரம் படிப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.