பத்துக்கு ஒன்று

தெர்மாகோலை வெட்டும்போது கத்தியை மெழுகுவத்தியில் லேசாகக் காட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பொரிப்பொரியாக உதிரும். மேசையில் ஒட்டும், முடியில் ஒட்டும், இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் டம்ளரில் மிதக்கும். என் தங்கை இதைக் கேட்டதே இல்லை. குளிர்ந்த கத்தியால்தான் வெட்டுவாள். உதிர்ந்ததைப் பெருக்குவது நான்.

எங்கள் வேலை கடல்நீர்த் தொட்டிகளுக்குள் பாறை அடுக்குவது. ஓட்டல்களிலும் பெரிய வீட்டு ஹால்களிலும் பார்த்திருப்பீர்கள். பவளம் வளரப் பாறை வேண்டும். ஒருமுறை தண்ணீர் விட்டு, பவளம் ஒட்டிக்கொண்டுவிட்டால் பிறகு எதையும் நகர்த்த முடியாது. அதனால் முதலில் பத்துக்கு ஒன்று என்ற அளவில் மாதிரி செய்து பார்ப்போம். எட்டடித் தொட்டி ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடும். மணலுக்கு மரத்தூள். மீனுக்கு வண்ணக் காகிதம்.

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு மாதிரிகள் உண்டு. முதலாவது தெர்மாகோலில், கண்ணுக்கு. அது அவளுடையது. இரண்டாவது, அதே பாறையில் உடைத்த சில்லுகளால், எடைக்கு. அது என்னுடையது. தெர்மாகோலில் எதை எப்படி வைத்தாலும் நிற்கும். கல்லில் வைத்தால்தான் எது விழும், எந்தப் பக்கம் விழும் என்று தெரியும். வாடிக்கையாளர்கள் முதலாவதைப் பார்த்து "அடடா" என்பார்கள். இரண்டாவதை யாருக்கும் காட்டுவதில்லை. உங்கள் மேசைமேல் இருப்பது இரண்டாவது.

அம்மா இறந்தபோது அவளுக்கு ஏழு வயது. எனக்குப் பதினாறு. தலை பின்னியது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலில் ஊட்டிவிட்டது எல்லாம் நான்தான். உருவம் சிறியது என்பதால் பொடிசு என்று கூப்பிட்டேன். முப்பது வயதாகியும் அவள் பொடிசுதான். காய்ந்த தொட்டிக்குள் ஏறி மண்டியிட்டு வேலை செய்ய அந்த உருவம் வசதி. நான் வெளியே நின்று கல்லை எடுத்துக் கொடுப்பேன்.

அவளுக்குக் கை நல்ல கை. இதை நான் எப்போதும் மறுத்ததில்லை. அளவுகோலைத் தொடாமல் ஒரு வளைவை வைப்பாள். பிறகு நான் அளந்து பார்த்தால் சரியாக இருக்கும். சரியாக இல்லாவிட்டாலும் அழகாக இருக்கும்.

ஒரு கடல் காட்சியகத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. விமானத்தில் போக வேண்டிய தூரம். வீடு கொடுப்பார்கள். ஒன்றாம் தேதி சேர வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். கடிதத்தில் அவள் பெயர் மட்டும் இருந்தது.

"நீயும் வாயேன்க்கா" என்றாள்.

"நான் வந்து என்ன செய்ய?"

"அங்கயும் பெருக்க ஆள் வேணுமில்ல?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவள் துணிகளை மடித்துக் கொடுத்தேன்.

போவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறை. எட்டடித் தொட்டி. அவள் ஒரு தோரணவாயில் செய்திருந்தாள். இரண்டு கால்கள், மேலே குறுக்காக ஒரு கல், கீழே மணல் பள்ளம். டாக்டர் மாதிரியைக் குனிந்து பார்த்தார்.

"வாயைத் திறந்து வெச்ச மாதிரியே இருக்கேம்மா."

"உங்களுக்காகத்தான் டாக்டர். நீங்க வாய மட்டும்தானே பாக்குறீங்க" என்றாள் இவள்.

அவருக்கு இவளைப் பிடித்துவிட்டது. எல்லோருக்கும் பிடித்துவிடும். மாதிரி வேலைக்கு உதவும் என்று, பல் அச்சுக்குப் பயன்படுத்தும் மெழுகுத் தகடு ஒரு கட்டு கொடுத்தார். ஈறு நிறம். கையில் வைத்திருந்தாலே இளகும் மெழுகு.

வீட்டுக்கு வந்து நான் இரண்டாவது மாதிரியைச் செய்தேன். குறுக்குக் கல் நிஜத்தில் இருபது கிலோ. கால்களோடு அதைச் சேர்க்க, இரண்டு பக்கமும் துளை போட்டு உள்ளே ஒரு கம்பியை நிறுத்தி, பசைமண் வைத்து மூட வேண்டும். துளை போடுவது, கம்பி வைப்பது என் வேலை. மூடியபின் உள்ளே கம்பி இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். எல்லாம் முடிந்தபின் பொடிசு ஒரு காரியம் செய்வாள். இடது முழங்கையைப் பள்ளத்துக்கு மேலே உள்ள கல்மேல் ஊன்றிக்கொண்டு, வலது உள்ளங்கையால் பள்ளத்து மணலை ஒரு தடவு தடவிவிடுவாள். தேவையே இல்லை, தண்ணீர் விட்டால் மணல் எப்படியும் கலையும். ஆனாலும் செய்வாள். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்.

மெழுகில் அவள் வலது கையைச் செய்தேன். பத்துக்கு ஒன்று. அவளுக்குச் சுண்டுவிரல் உள்பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருக்கும். ஊசியால் அதையும் செய்தேன். வேலை என்று வந்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

இடது காலில் கம்பி இல்லாமல் வாயிலை நிறுத்தினேன். கையைப் பள்ளத்தில் வைத்தேன். அவள் முழங்கை ஊன்றும் இடத்தைப் பென்சிலால் அழுத்தினேன். பதினைந்து முறை செய்து பார்த்ததில் பன்னிரண்டு முறை கல் கைமேல் விழுந்தது. மூன்று முறை பின்பக்கம் சரிந்தது. அந்தப் பக்கம் அவள் தலை இருக்கும். அதை நான் விரும்பவில்லை. இடது காலை இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தினேன். பதினைந்துக்குப் பதினைந்து. நான் அவளுக்கு எவ்வளவு யோசித்திருக்கிறேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆறு வாரம் என்று நினைத்தேன். ஒரு கட்டு, கழுத்தில் ஒரு தூளி. ஒன்றாம் தேதி போய்விடும்.

நீளம் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்காகும் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். சோப்புக்கட்டியை அடுக்கிக் காட்டினேன், அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது. மறந்துவிட்டீர்களா என்று கேட்டீர்கள். மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் நன்றாக இருந்தது. காத்திருப்பு அறை நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கியிருந்தோம். அவள் தொட்டிக்குள் ரப்பர் பாய்மேல் மண்டியிட்டிருந்தாள்.

"கம்பி வெச்சிட்டியாக்கா?"

"வெச்சாச்சு."

"ரெண்டு பக்கமும்?"

"நான் என்னைக்கு மறந்திருக்கேன்?"

அது பொய் இல்லை.

அவள் வாயிலைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள். "இத விட்டுட்டுப் போறதுதான் கஷ்டமா இருக்கு" என்றாள். தொட்டியைச் சொன்னாள். முழங்கையை ஊன்றினாள். மணலைத் தடவினாள்.

மாதிரியில் சத்தமே வந்ததில்லை. நிஜத்தில் வந்தது.

அவள் கத்தவில்லை. "அக்கா, கல்லத் தூக்கு" என்றாள், ஒரு ஸ்பேனரைக் கேட்பதுபோல. உடனே தூக்கினீர்களா என்று கேட்டீர்கள். அடிக் கண்ணாடியில் விரிசல் விட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். பழக்கம். விரிசல் இல்லை. பிறகு தூக்கினேன். டாக்டர் உள்ளறையிலிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் என் துப்பட்டாவை இறுக்கிக் கட்டினேன்.

முதலில் மூன்று விரல்கள் எடுத்தார்கள். பிறகு சீழ் வைத்து மணிக்கட்டுவரை போயிற்று.

அடுத்த ஒரு வருடத்தைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நாங்கள் நன்றாக இருந்தோம். மறுபடியும் தலை பின்னிவிட்டேன். பொத்தான் போட்டுவிட்டேன். மூன்று வேளையும் ஊட்டினேன். முதலில் தலையைத் திருப்பிக்கொள்வாள். பிறகு வாயைத் திறந்தாள். கம்பி ஏன் பிடிக்கவில்லை என்று ஒருமுறை கேட்டாள். பசைமண் பழசாக இருந்திருக்கும் என்றேன். "உன் மேல தப்பில்லக்கா, நீ மனசுல வெச்சுக்காத" என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். அன்று இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். என் அழுகையும் உண்மைதான்.

ஒருநாள் கடையிலிருந்து வந்தபோது மேசையில் தெர்மாகோல் இருந்தது. இடது கையால் வெட்டியிருக்கிறாள். ஒரு சிறு குன்று, அதன் நடுவில் ஒரு வெடிப்பு. கத்தியைச் சூடாக்கியிருந்தாள். ஒரு பொரிகூட உதிரவில்லை. எனக்குப் பெருக்க ஒன்றும் இல்லை.

"எப்படிக்கா?"

"நல்லாயிருக்கு" என்றேன். பழைய கையைவிட நன்றாக இருந்தது.

அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள், என்னிடம் சொல்லாமல். காட்சியகத்துக்காரர்கள் பதில் போட்டார்கள். அடுக்கித் தர ஆட்கள் இருக்கிறார்கள், நீங்கள் மாதிரி செய்துதந்தால் போதும், எப்போது வருகிறீர்கள் என்று. இந்த முறை தேதிகூடக் குறிக்கவில்லை.

இனி பெட்டிக்கு வருவோம். சப்பையாக இருக்கும் கையைப் பற்றித்தான் இதுவரை கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில், மரத்தூளில் பாதி புதைந்து, இன்னொரு கை இருக்கிறது. முழுசாக இருக்கும். கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். போன மாதம் செய்தது. மெழுகில் ஒரு தகடு மீந்திருந்தது.

அதே மெழுகைத் தேடித்தான் அவள் மேல் அலமாரியைத் திறந்திருக்கிறாள். இந்தப் பெட்டியை அங்கேதான் வைத்திருந்தேன். சுண்டுவிரலைப் பார்த்தவுடன் தெரிந்திருக்கும். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இன்று காலை ஊட்டும்போது நான்கு வாய் வாங்கினாள். ஐந்தாவதற்கு "போதும்க்கா" என்றாள். நான் தட்டைக் கழுவிவிட்டு வருவதற்குள் பெட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். பேருந்தில் ஏறி, சில்லறை கொடுத்து, தனியாக. யாராவது உதவியிருப்பார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். வலது கையை எடுத்தது நான். கம்பி வைக்காமல் மூடினேன், பதினைந்து முறை பார்த்துவிட்டு மூடினேன். இடது கைக்கு இன்னும் கல் தேர்ந்தெடுக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

மணி ஒன்றாகிறது. அவள் வெளியே பெஞ்சில்தானே இருக்கிறாள்? வேறு யார் கொடுத்தாலும் வாங்க மாட்டாள். ஐந்து நிமிடம் உள்ளே விடுங்கள். நான் ஊட்டாமல் அவளுக்கு இறங்காது.